சுவிசேஷமுத்து திரும்பிய திசை

தாபோர்விளையில் சித்திரை மாதக் கன்வென்ஷன் பந்தலில் வருஷம் தவறாமல் முதல் ஆளாக எழுந்து நின்று மனந்திரும்புகிறவர் மாவு மில் சுவிசேஷமுத்துதான் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், ஆனால் அந்த மனந்திரும்புதல் பந்தல் கீற்றைப் பிரிக்கிற நாள் வரைக்கும்கூடத் தாங்காது என்பது அவர் மனைவி லீதியாளுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அவர் அழுது நனைத்த கைக்குட்டையைத் துவைக்கிறவள் அவள், ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று பஞ்சு மாதிரி லேசான மனசோடு வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுகிற மனுஷனுக்கு மறுபடியும் சோறு போடுகிறவளும் அவள்தான்.

அந்த வருஷம் சனிக்கிழமை உபவாச ஜெபத்தில், உச்சி வெயில் கீற்றின் இடுக்கில் இறங்கி ஆட்கள் தலையில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்த நேரத்தில், வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் திரும்புங்கள், திரும்புங்கள் என்று தொண்டை கட்டுகிற மட்டும் சொன்னார். சுவிசேஷமுத்து எழுந்தார், இரண்டு கையையும் விரித்தார், "ஆண்டவரே, என்னால முடியல, நீரே என்னைத் திருப்பிவிடும்" என்று கதறினார். அவர் திரும்பினார். கிழக்கே மேடையைப் பார்த்து நின்றவர், எண்ணெய் காணாத கதவு திரும்புவது மாதிரி மெல்ல மெல்ல, பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைக் கடந்து, பாட்டுக்காரப் பிள்ளைகளைக் கடந்து, கஞ்சி காய்ச்சுகிற அடுப்புகளின் புகையைக் கடந்து, வடமேற்கு மூலையைப் பார்த்து நின்றார். அதற்குப் பிறகு அவர் உடம்பு வேறெந்தப் பக்கமும் திரும்பவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆவியில் நிறைந்தால் ஆள் விழுவதும் ஆடுவதும் அந்தப் பந்தலுக்குப் புதிதில்லை. ஆசீர்வாதம் கூறி, கஞ்சி ஊற்றி, பாயெல்லாம் சுருட்டின பிறகும் அவர் அப்படியே நிற்கவே, இளவட்டங்கள் நாலு பேர் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். திருப்பின மட்டும் வந்தார், கையை எடுத்ததும் போனார், கயிறு முறுக்கின ஊஞ்சல் பழைய நிலைக்குத் திரும்புவது மாதிரி.

"போதும், வீட்டுக்கு வாங்க. ஊர் பாக்குது" என்றாள் லீதியாள்.

"வர முடியலையே, லீதியா."

"ஏன் முடியாது? கால் இருக்குல்லா?"

கால் இருந்தது. நடக்கவும் செய்தது. முன்னால் நடக்கலாம், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்கலாம், பின்னால் நடக்கலாம். முகமும் நெஞ்சும் மட்டும் அந்தத் திசையை விடாது. வீடு கிழக்கே இருந்ததால் அவர் பின்பக்கமாகவே தெரு முழுக்க நடந்து வர, சட்டை நுனியைப் பிடித்து லீதியாள் இழுத்துக்கொண்டு போனாள். கன்றுக்குட்டியை இழுத்துப் போனால்கூட இத்தனை பேர் வாசலுக்கு வந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

டவுன் டாக்டர் முதுகெலும்பைத் தட்டிப் பார்த்து, நரம்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சுவிசேஷமுத்து வடமேற்கைப் பார்த்தபடியே மாத்திரையை விழுங்கினார், வடமேற்கைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார், புரள முடியாமல் ஒரே தோள் மரத்துப்போய்க் காலையில் முனகினார். மில்லில் அரிசி கொட்டுகிற வாய் தென்பக்கம் இருந்ததால் அவருக்கு எட்டாமல் போயிற்று. ஆகவே மில் வேலை லீதியாள் தலையில் விழுந்தது. மிளகாய் வற்றல் அரைக்கிற அன்றைக்கு அவள் தும்மித் தும்மிக் கண் சிவந்து நிற்க, அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பரிசுத்தமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற புருஷன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கொஞ்ச நாள் திகைத்தது. பிறகு சபைக் கமிட்டிச் செயலாளரும் பூகோள வாத்தியாருமான ஞானசிகாமணி, பள்ளிக்கூடத்து உலகப் படத்தைக் கோயில் தரையில் விரித்து, அடிக்கோலை வைத்துப் பார்த்து, எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றினார். "எருசலேம்" என்றார். "நேரே எருசலேமைப் பாத்து நிக்காவ."

அதோடு ஊருக்கு மூச்சு வந்தது. எருசலேம் என்று ஆகிவிட்டால் அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? கோயிலில் அவர் பீடத்துக்கு முதுகு காட்டியே உட்கார வேண்டியிருந்ததால் அவருக்கென்று ஒரு பெஞ்சைத் திருப்பிப் போட்டார்கள், அந்த ஒரு பெஞ்சு கோணலாகத் தெரிந்ததால் அடுத்த பெஞ்சையும் திருப்பினார்கள், கடைசியில் ஆண்கள் பக்கம் முழுவதும் வடமேற்கே பார்த்து உட்கார்ந்து, பிரசங்கத்தைக் காதால் மட்டும் கேட்டது. புதுவீடு கட்டுகிறவர்கள் சுவிசேஷமுத்துவைப் பின்பக்கமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போய்க் காலி மனையில் நிறுத்தி, அவர் மூக்குக்கு நேரே நூல் பிடித்து அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டினார்கள். அதனால் தாபோர்விளையின் புதுவீடுகள் எல்லாம் தெருவோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்பவை மாதிரி இன்றைக்கும் சாய்ந்தே நிற்கும். வெளியூரிலிருந்து வேனில் ஆள் வந்தது. வந்தவர்கள் அவர் முன்னால் முழங்கால் போட்டார்கள், அவர் முகத்துக்கும் எருசலேமுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் நின்றால் பிள்ளை பிறக்கும் என்று நின்றார்கள். எல்லாருக்கும் லீதியாள் காபி போட்டாள்.

சில நாள் அவர் ஒரு விரல் அளவு இடப்பக்கம் விலகி நிற்பதும், மறுநாள் சரியாவதும் உண்டு. பூமி சுற்றுகிறதல்லவா, அதனால்தான் என்றார் ஞானசிகாமணி வாத்தியார்.

சுவிசேஷமுத்துவும் எருசலேம் என்றே சொல்லிக்கொண்டார். "ஏளா, பரிசுத்த நகரத்தைப் பாக்கப் பாக்க நெஞ்சு நெறையுது" என்பார். நிறைந்த நெஞ்சுக்கு ஏன் ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏன் சோறு இறங்கவில்லை என்று அவள் கேட்டால் மட்டும் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவார். ஜெபம் பண்ணுகிற மனுஷனை எப்படித் திட்டுவது? அந்த ஒரு வசதிக்காகவே அவர் ஜெபிக்கிறாரோ என்று லீதியாளுக்குத் தோன்றும்.

ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தது. மேற்கே, மலையடிவாரத்து ஊரில். வாத்தியாரும் கோயில்காரர்கள் சிலரும் வேன் பிடித்துப் போக, எருசலேமைப் பார்க்கிறவரும் வந்தால் மாப்பிள்ளை வீட்டாருக்கு மதிப்பு என்று சுவிசேஷமுத்துவையும் ஏற்றினார்கள். வேன் போகிற போக்குக்கு ஏற்ப அவர் உட்கார முடியாமல், சீட்டின்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு வந்தார். தேரிக்காட்டுச் செம்மண்ணைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி வேன் போகப் போக, லீதியாள் ஒன்றைக் கவனித்தாள். அவர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தார். தெருவில் போகிற தெரிந்த ஆளை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் கழுத்து திரும்புமே, அப்படி உடம்பு முழுவதும் திரும்பியது. வெள்ளிப்பொத்தை என்று பலகை வைத்து ரோடு பிரிகிற விலக்கில், ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொஞ்சம் ஓட்டு வீடுகளும் தெரிந்த இடத்தில், அவர் வேனுக்குக் குறுக்காக நேர் வடக்கே பார்த்து நின்றார். விலக்கு பின்னால் போனது. அவரும் பின்னால் பார்த்துத் திரும்பினார். மலையடிவாரம் வந்து சேர்ந்தபோது சுவிசேஷமுத்துவின் முதுகு எருசலேமுக்கும், முகம் வந்த வழிக்கும் இருந்தது.

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதிய எருசலேம்னு ஒண்ணு இருக்குல்லா, அது வானத்துலேந்து எங்க வேணும்னாலும் இறங்கலாம்" என்றார்.

"வெள்ளிப்பொத்தையிலயா இறங்குது?" என்றாள் லீதியாள்.

ஒவ்வொருவராகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டதைப் பார்த்தபோது, அந்தத் தண்ணீர்த் தொட்டியின் கீழே யார் இருக்கிறார்கள் என்பது தன்னைத் தவிர வேனில் எல்லாருக்கும் தெரியும் என்று அவளுக்குப் புரிந்தது.

சுவிசேஷமுத்துவுக்கு ஒரு தங்கை இருந்தாள், தபீத்தாள் என்று பேர். அவள் கோயில் பாட்டுக்குழுவில் பாடினாள், ஆர்மோனியம் வாசித்தவன் அருமைநாயகம். கீழத்தெருப் பையன். கீழத்தெருக்காரர்களும் அதே கோயில்தான், அதே ஞானஸ்நானம்தான், பின்பெஞ்சில் உட்கார்ந்து அதே பாட்டைத்தான் பாடினார்கள், செத்தால் அதே கல்லறைத் தோட்டத்தில் ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் படுத்தார்கள். இரண்டு பேரும் வெளியூரில் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். சேதி வந்த அன்றைக்குச் சுவிசேஷமுத்து கோயிலுக்குப் போய்ச் சாவு மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெட்டியில்லாமல், பிணமில்லாமல், தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள் என்று சொல்லி ஜெபம் வைத்தார். ஊர் வந்தது, பரலோகப் பாட்டெல்லாம் பாடியது, காபி குடித்தது, கைகொடுத்துப் போனது. கீழத்தெரு மட்டும் வரவில்லை, கொஞ்ச வருஷத்தில் அந்தத் தெருவில் பாதி வீடு ஊரை விட்டே போய்விட்டது. அன்றிலிருந்து நவம்பர் மாதத்தில் மரித்தவர்களை நினைத்து ஜெபிக்கிற ஞாயிற்றுக்கிழமையில் தபீத்தாள் என்கிற பேரும் வாசிக்கப்பட்டது.

லீதியாள் வாழ்க்கைப்பட்டு வந்தது அதற்குப் பிறகு. நாத்தனார் சாகவில்லை என்று தண்ணீர்ப் பைப்படியில் ஒருத்தி காதைக் கடித்துச் சொன்னதை மாமியாரிடம் கேட்டாள். "அவ செத்துட்டா. செத்தவளைப் பத்தி வெளக்கு வச்ச நேரத்துல பேசாத" என்றாள் மாமியார். லீதியாள் பேசவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பேசவில்லை.

கல்யாண வீட்டிலிருந்து வந்த மறுநாள், மில்லின் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர் பார்க்கிற பக்கம் போய் மூக்குக்கு நேரே நின்றாள்.

"அங்க உங்க தங்கச்சிதான இருக்கா?"

அவர் கண்ணை மூடினார். "ஆண்டவரே…"

"ஜெபிக்காதீங்க. நான் உங்ககிட்ட கேக்கேன், அவர்கிட்ட கேக்கல. முதல் நாள்லயே தெரியுமா உங்களுக்கு?"

மூடிய கண்ணோடு தலை ஆடியது. தெரியும்.

"தெரிஞ்சேதான் எருசலேம் எருசலேம்னு சொல்லி எனக்கு மிளகாத்தூளும் ஊருக்குக் காபியுமா ஓட்டுனியளா?"

"நான் மனந்திரும்பிட்டேன் லீதியா. வருஷா வருஷம் அழுதது எல்லாம் அவளை நெனச்சுத்தான். ஆண்டவர் மன்னிச்சிட்டாரு."

"ஆண்டவரையா நீங்க செத்துட்டார்னு மணி அடிச்சிய?"

அவர் அழ ஆரம்பித்தார். லீதியாளுக்கு அலுத்துப்போய்விட்டது. இந்தக் கண்ணீரை எத்தனை சித்திரை பார்த்தாயிற்று. "திருப்பிவிடும்னு கேட்டிய, அவரும் திருப்பிவிட்டாரு. கழுத்தைப் புடிச்சுத் திருப்பி, இந்தா பாரு வழின்னு நிறுத்தி வச்சிருக்காரு. இன்னும் தூக்கிக்கிட்டும் போகணுமோ? நடக்க மாட்டியளோ?"

"அவ மன்னிக்கலைன்னா?"

"மன்னிக்காட்டி மன்னிக்காம இருக்கட்டும். அது அவ பாடு. நீங்க உங்க பாட்டைப் பாருங்க."

அவர் நடக்கவில்லை. ஆகவே அவள் குருவானவர் வீட்டுக்குப் போனாள். மதுரம் ஐயா நாலு வருஷத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்தவர், சாதுவான மனுஷர், கமிட்டி கூடினால் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறவர். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "உயிரோட இருக்கிற பிள்ளையையா நான் மரித்தவங்களோட சேத்து வாசிச்சேன்?" என்றார். கூப்பிட்டனுப்பப்பட்ட வாத்தியார் வந்து, ஊரில் வெளியாட்கள் வந்துபோகிற நேரத்தில் இதையெல்லாம் கிளற வேண்டாம் என்றார். "அதோட ஐயா, வாசிச்ச பேரை எடுக்க வழிமுறை எதுவும் இல்ல. நம்ம சபையில உயிர்த்தெழுந்தவங்களுக்குன்னு தனிப் பதிவு கிடையாது."

மதுரம் ஐயா அன்றைக்கு வயிற்றைப் பிடிக்கவில்லை. "அம்மா, மனந்திரும்புதல் இல்லாம இரட்சிப்பு இல்ல. ஆனா மனந்திரும்புனதைக் கூலியாக் காட்டி இரட்சிப்பை வாங்கவும் முடியாது. அது இனாமாக் கெடைக்கிறது" என்றார்.

"இனாமாக் கொடுத்தாலும் வாங்கக் கையை நீட்டணும்லா ஐயா? இவிய கையைக் கட்டிக்கிட்டுலா நிக்காவ."

ஐயா எழுந்து செருப்பை மாட்டினார்.

மூன்று பேரும் மறுநாள் காலையில் கிளம்பினார்கள்: சுவிசேஷமுத்து, அவரை முதுகில் கை வைத்துத் தள்ளாத குறையாக லீதியாள், குடையோடு ஐயா. ரோடு வளைந்து வளைந்து போகும், அவருக்கோ நேரே நடப்பதுதான் சுலபம், ஆகவே தேரிக்காட்டை ஊடறுத்து நடந்தார்கள். எருசலேமைப் பார்த்தவர் எருசலேமுக்கே புறப்பட்டுவிட்டார் என்று பேச்சு பரவி, ஊர் பாதி பாட்டுப் பாடிக்கொண்டு பின்னால் வந்தது. தேரி மணலில் கால் புதையப் புதைய, உடைமுள் குத்தக் குத்தப் பாட்டு நடந்தது. மணல் மேடு ஏறினதும் தூரத்தில் வெள்ளிப்பொத்தைத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பாட்டு நின்றது. ஒருத்தருக்கு ஆடு அவிழ்த்துக்கொண்டு போன ஞாபகம் வந்தது, ஒருத்தருக்குக் கால் பிசகியது, ஒருத்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாள். வாத்தியார் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்து, திசையை இன்னொரு தடவை படத்தில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டார்.

"நானும் அந்தக் கூட்டம்தான்" என்றாள் லீதியாள், யாருக்கென்று இல்லாமல். "பாட்டுப் பாடல, அவ்வளவுதான். தெரிஞ்சும் வாயைத் தெறக்காம இருந்தேன்லா."

வெள்ளிப்பொத்தையில் ஒரு ஓட்டு வீட்டு முற்றத்தில், சாக்கை விரித்துப் போட்டு, நரை ஓடின ஒரு பெண் புளியங்கொட்டை தட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. தபீத்தாள் என்று ஐயாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணனின் அதே மூக்கு, அதே பிடிவாதம் பிடித்த தாடை.

சுவிசேஷமுத்து வாசலில் நின்றார். அவள் எழுந்து உரல் பக்கம் போனாள். அவர் உடம்பு உரல் பக்கம் திரும்பியது. தொழுவத்துப் பக்கம் போனாள். தொழுவத்துப் பக்கம் திரும்பியது. வீட்டைச் சுற்றிப் பின்புறம் போய் வந்தாள். சுவரைப் பார்த்தபடியே அவர் உடம்பும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திரும்பி நின்றது.

"இது என்ன கூத்து?" என்றாள் தபீத்தாள். "ஏன் இப்படிப் பாத்துக்கிட்டே நிக்கிய?"

"சித்திரையிலேந்து இப்படித்தான் நிக்காவ" என்றாள் லீதியாள். "உன்னைத்தான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

சுவிசேஷமுத்துவுக்குக் கண்ணீர் பொங்கியது. கையைக் குவித்தார்.

"அழாதீங்க" என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. "என் சாவுக்கு ரொம்ப அழுதியளாமே, அது போதும். எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்தது. ஒண்ணு பொழைக்கல. அன்னைக்கு நீங்க அழுதிருந்தா அதுல ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

அவருக்குக் கண்ணீர் நின்றது. எத்தனையோ வருஷமாக நிற்காத கண்ணீர், குழாயைத் திருகினது மாதிரி நின்றது. அழாத முகத்தோடு நிற்க அவருக்குப் பழக்கமில்லை, கிழடு தட்டி, வெட்கப்பட்டு நின்றார்.

"நான் பொய் சொன்னேன்" என்றார். "நீ செத்துட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன். என் கௌரவத்துக்காக."

"அதை எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய? நான் சாகலைன்னு எனக்குத் தெரியும். யார்கிட்ட சொன்னியளோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அவள் உட்கார்ந்து அடுத்த புளியை எடுத்தாள். உள்ளே கட்டிலில் அருமைநாயகம் உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் எழுந்து வரவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. லீதியாளுக்கு நாக்கு வறண்டது, தண்ணீர் கேட்கவில்லை.

திரும்பி வருவது போனதைவிடப் பெரும்பாடு. தங்கைக்கு முதுகு காட்ட உடம்பு விடாததால், முள்ளும் மணலுமான அந்தத் தேரிக்காடு முழுவதையும் சுவிசேஷமுத்து பின்பக்கமாகவே நடந்து கடந்தார். விழுந்தார், எழுந்தார். லீதியாள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "பள்ளம் வருது", "முள்ளு", "இன்னும் கொஞ்சம் இப்படி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றினாள். ஆத்திரம் அவளுக்குக் குறைந்தபாடில்லை. ஆனால் பின்பக்கமாக வருகிற அந்த மனுஷன் வழியில் ஒரு தடவைகூட முனகாததை அவள் கவனிக்காமலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் மதுரம் ஐயா அவரைக் கூப்பிட்டார். மேடையில் ஏறினால் அவர் முகம் சபையைப் பார்த்துத்தான் இருக்கும். ஆனால் ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகளையெல்லாம் அவருக்காகவே திருப்பிப் போட்டிருந்ததால், அவர்கள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முதுகுகளிடம் அவர் பேசினார்.

"என் தங்கச்சி தபீத்தாள் சாகல. வெள்ளிப்பொத்தையில இருக்கா. அருமைநாயகத்தைக் கட்டுனான்னு அவளை நான் செத்தவளாக்குனேன். காய்ச்சல்னு சொன்னது பொய். உங்களுக்கும் அது பொய்னு தெரியும். இருந்தும் வந்து பாடுனிய. நான் எருசலேமைப் பாக்கல. எந்நாளும் பாக்கல. அவளைத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன்."

ஒருவர் எழுந்து வெளியே போனார். இன்னும் சிலர் போனார்கள். அழுகை இல்லாமல் சொன்னதால் அது சாட்சி ஆகாது என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். தபீத்தாளுக்குச் சாவு மணி அடித்த கிழவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து தன் பெஞ்சைத் தனியாளாக இழுத்துப் பழையபடி பீடத்தைப் பார்த்துப் போட முயன்றார்; முடியாமல் அதன்மேலேயே உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வேறு யாரும் ஒன்றும் செய்யவில்லை. வேன்கள் வருவது நின்றது. மில்லுக்கு அரிசி கொண்டுவருகிறவர்களும் பாதியாகக் குறைந்தார்கள், குறைந்த பாதி போகிற வழியில் வாசலைப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனது.

"சொல்லிட்டேன்லா, ஏன் இன்னும் உடம்பு இப்படியே நிக்குது?" என்று சுவிசேஷமுத்து ஒருநாள் கேட்டார்.

"என்னைக் கேட்டா? நானா திருப்பினேன்?" என்று அவள் எரிந்து விழுந்தாள். பிறகு அவர் மரத்துப்போன தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் ஐயா மரித்தவர்களின் பேரை வாசித்தார். தபீத்தாள் என்கிற பேர் வர வேண்டிய இடத்தில் அவர் நிறுத்தி, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, அடுத்த பேருக்குப் போனார். அந்த மௌனத்தில் சபை நெளிந்தது. சேதி எப்படியோ தேரியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வியாழக்கிழமை காலையில், லீதியாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புருஷன் நகர்வதைப் பார்த்தாள். முதலில் ஒரு விரல் அளவு. பிறகு ஒரு சாண். ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். வடமேற்கிலிருந்து மேற்கே, மேற்கிலிருந்து மெல்லத் தென்மேற்கே, ரோடு வளைகிற வளைவுக்கெல்லாம் வளைந்து, கடைசியில் பஸ் ஸ்டாப் இருக்கிற தெற்குப் பக்கம் பார்த்து நின்றார். பஸ் ஹாரன் கேட்டது. முறம் லீதியாளின் கையிலிருந்து நழுவி உளுந்தெல்லாம் சிதறியது. யார் பொறுக்குவது என்ற எரிச்சல்கூட அவளுக்கு வரவில்லை.

தபீத்தாள் தெருவின் நடுவே நடந்து வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது. செத்தவளை உயிரோடு பார்க்கிற பயம் யார் முகத்திலும் இல்லை, உயிரோடு இருப்பவளைச் செத்தவளாக்கினது தெரிந்துபோன சங்கடம்தான் இருந்தது. ஒரு கிழவி மட்டும், "வந்துட்டியா பிள்ளை" என்றாள். தபீத்தாள் தலையை ஆட்டினாள், நிற்கவில்லை.

மில் வாசலுக்கு வந்து அண்ணன் எதிரில் நின்றாள். அன்றைக்கு முற்றத்தில் முறை சொல்லி அவரை அழைக்காதவள், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே. எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாப்புல நிக்காவ. நீங்க வந்து கூப்பிட்டாத்தான் ஊருக்குள்ள வருவாவளாம். நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதீங்க. இன்னும் தெரியல எனக்கு. அவியளைக் கூப்பிடுவியளா மாட்டியளான்னு பாக்க வந்தேன்."

பிறகு அவரைக் கடந்து, "மைனி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்று கேட்டபடி வீட்டுக்குள் போனாள்.

அவள் போன பக்கம் சுவிசேஷமுத்துவின் உடம்பு திரும்பவில்லை. வெறும் தெருவைப் பார்த்து நின்றார். லீதியாள் தண்ணீர்ச் செம்போடு நின்று அவரைப் பார்த்தாள். தங்கை அடுப்படிக்குள் இருந்தாள், அவர் உடம்பு தெருவில் இருந்தது. பிடித்து வைத்திருந்த கை எதுவோ அது விட்டுவிட்டது. இனி அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டுக்குள் போய்க் கட்டிலில் படுத்துப் புரளலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

அவர் தன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். இடப்பக்கம் கொஞ்சம் திரும்பினார், வலப்பக்கம் கொஞ்சம் திரும்பினார். தெரு முழுக்க ஆள் நின்றது, ஞானசிகாமணி வாத்தியாரும் தன் சாய்ந்த புதுவீட்டு வாசலில் நின்றார். லீதியாளுக்கு வாய் வரை வந்தது, போய்த் தொலையுங்களேன் என்று, பல்லைக் கடித்துக்கொண்டாள். இதையும் அவள் சொல்லி அவர் செய்தால் அது அவர் செய்ததாகாது.

வேட்டியைச் சரிசெய்துகொண்டு சுவிசேஷமுத்து தெருவில் இறங்கினார். வயசான மனுஷன் நடக்கிற சாதாரண நடைதான், முட்டி வலிக்கிற நடை. பஸ் ஸ்டாப் வளைவில் மறைந்தார்.

வெகுநேரம் வரவில்லை. தபீத்தாள் தண்ணீரைக் குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். லீதியாள் உளுந்தைப் பொறுக்கினாள், பொறுக்கினதையே மறுபடியும் கொட்டினாள்.

பிறகு வளைவில் இரண்டு பேர் தெரிந்தார்கள். முன்னால் அருமைநாயகம், தெருவின் நடுவில், யாரையும் பார்க்காமல், நிமிர்ந்து வந்தார். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு அடி பின்னால், சுவிசேஷமுத்து வந்தார்.